சிறையிலிருந்து பதினான்கு வரிகள்

மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு தரும் வேலையில் இருந்த தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுடைய அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். "என் கடைக்கு வராத ஒரே ஆள் என் வீட்டுலயே இருக்கா" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். முதலில் சிரிப்பது தங்கைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கணினியில் ஒரு விளையாட்டுக்குள் போய்விடுவாள். பல பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஆடும், படமே இல்லாத விளையாட்டு; எல்லாம் எழுத்து. 'போ', 'எடு', 'சொல்' என்று கட்டளையைத் தட்டினால் நடப்பதெல்லாம் வரிவரியாக வரும். கணினி அதை அவளுக்கு வாசித்துக் காட்டும். விளையாட்டுக்குள் இருக்கும் நகரத்தில் அவள் பெயர் கப்பல்காரி. அதன் சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அன்று நகரச் சதுக்கத்தில் கதைப் போட்டி. புயல் நாளில் கலங்கரை விளக்கத்தின் மணியை ஒலிக்கப் போகும் ஒருத்தியைப் பற்றி, பதினான்கு வரியில் கதை எழுதி வைத்திருந்தாள். அவள் முறை வந்த நேரம் பார்த்து ஹெட்போன் வயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. அவள் குனிந்து அதை எடுப்பதற்குள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. 'சொல்' என்று ஒருமுறை தட்டி, கதையை மொத்தமாக ஒட்டி அனுப்பிவிட்டாள்.

முதல் வரி மட்டும் பேச்சாகப் போனது. மற்ற ஒவ்வொரு வரியையும் விளையாட்டு தனித்தனிக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அடுத்த இரண்டு வரிகள் அதற்குப் புரியவில்லை. நான்காவது வரி, 'அடி மேல் அடி வைத்து அவள் படியேறினாள்.' அதில் 'அடி' மட்டும் நன்றாகவே புரிந்தது.

"நீங்கள் நடுவரை அடிக்கிறீர்கள்" என்றது கணினி. "காவலர்கள் உங்களைச் சிறையில் தள்ளுகிறார்கள்." மிச்ச வரிகள் சிறைச் சுவரில் மோதி வீணாயின.

"ஐயையோ, என்னடி ஆச்சு?"

"எதிர்ல நின்ன நடுவரையே சாத்திட்டேன்க்கா."

"என்னாலதானே! இப்ப உன் கதை?"

"என் முறை முடிய இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. பேசாம உக்காரு."

ஒரே நேரத்தில் எட்டு அழைப்புகளைச் சமாளிக்கிறவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? சிறையில் சொன்னால் சிறைக்குள்தான் கேட்கும். கத்தினால் ஊருக்கே கேட்கும். பல வரிகளை ஒட்டும்போது ஒவ்வொன்றின் முன்னாலும் எந்தச் சொல் சேர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்க ஒரு வசதி உண்டு. அதில் 'கத்து' என்று வைத்தாள். மளமளவென்று போனால் இணைப்பே அறுந்துவிடும் என்பதால் வரிக்கு வரி இரண்டு நொடி இடைவெளி கொடுத்தாள். பிறகு தானே ஒட்டினாள்.

பதினான்கு வரிகளும் சிறையிலிருந்து ஊர் முழுக்க ஒலித்தன.

கொஞ்ச நேரத்தில் நடுவர் சிறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னை அடிச்சதுக்கு ரெண்டு நாள் சிறை. அதுல மாத்தம் இல்ல."

"நியாயம்தாங்க" என்று தட்டினாள்.

"கதைக்கு முதல் பரிசு. அதுலயும் மாத்தம் இல்ல."

"ஜெயிச்சும் ஜெயிலா!" என்று அக்கா கைதட்டினாள்.

விளையாட்டின் இரண்டு நாள் என்பது நம் கணக்கில் நாற்பது நிமிடம். பக்கத்து அறையில் அடைபட்டிருந்த ஒரு திருடன், "கப்பல்காரி, இன்னொரு கதை இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கே" என்று தங்கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். அக்கா தன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.