பழக்கி ஓட்டும் நாள்

கத்தாருக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்ற முடிவை அனஸ் ஒரு மெஷினிடம் விட்டிருந்தான்.

"இது ஒழுங்கா ஓடி, சோலைராஜ் அண்ணன் வேலையும் கைக்கு வந்துட்டா நான் போகலை. இல்லேன்னா டிக்கெட்டு போட்டுருவேன், ஃபாயிஸா."

அன்றிலிருந்து ஃபாயிஸாவின் துஆவெல்லாம் அந்த மெஷினுக்குத்தான். பிள்ளை வேண்டும் என்று கேட்டுவந்ததைக்கூட அதற்குப் பின்னால் தள்ளிவைத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து புருஷனை அவள் லீவு லீவாகத்தான் பார்த்திருக்கிறாள். மச்சான் இங்கேயே இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கத்தாரில் ஒரு துறைமுகத்தில், கடலுக்குள் முங்கி வேலை செய்பவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர்களைப் பழுது பார்ப்பது அனஸுக்கு வேலை. அதில் சின்னதாக ஒன்றை வாங்கி ராஜபாளையத்துக்கு வரவழைத்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் சோலைராஜ், கிணற்றில் விழுந்த மோட்டாரையும் பைப்பையும் எடுத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். அவருடைய ஆட்கள் இதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முங்கினார்கள். இனி சிலிண்டர் கட்டித்தான் இறக்குவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அவற்றுக்குக் காற்று நிரப்பித் தருவதுதான் அனஸ் எதிர்பார்த்த வேலை.

பெட்டியைப் பிரித்ததும் மாமியார் ஹபீபுன்னிசா கன்னத்தில் கை வைத்தாள். "டயருக்குக் காத்தடிக்கவாடா இம்புட்டு தூரம் போயிட்டு வந்தே?"

"லாரி டயரை விட இருபத்தஞ்சு மடங்கு அழுத்தம்மா இது."

பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் சிமெண்டு மேடை போட்டு, அடியில் ரப்பர் வைத்து, மெஷினை உட்கார வைத்தான். கரண்டு கொடுத்ததும் விசிறி அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றியது. ஒயரை மாற்றிக் கொடுத்துச் சரி செய்தான். காற்றை இழுக்கும் குழாயை அடுப்படிப் புகை எட்டாத மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான்.

"கெணத்தடியில கெடக்கறவன் எங்கம்மா வைக்கிற மீன்குழம்பையா மூச்சு விடுவான்?"

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஃபாயிஸா சிரித்தாள். மேற்கே அய்யனார் கோவில் மலையில் மேகம் இறங்கியிருந்தது. கிளாம்பை முறுக்கிக்கொண்டே அவன் சொன்னான்:

"நாளைக்கு மூணு மணிக்கு ஓட்டப்போறேன். வால்வையெல்லாம் தெறந்துவிட்டு வெறுமனேதான் ஓடணும். பொறவு கொஞ்சமா அழுத்தம் ஏத்தி, எண்ணெயை மாத்தி, அதுக்கு மறுநாள்தான் சிலிண்டர். கடைசி பிஸ்டன் என் சுண்டுவிரல் தண்டிதான். பழகுறதுக்கு முன்னால அழுத்துனா இறுகிப்போயிரும்."

"புதுப்பொண்ணு மாதிரி."

"ஆமா. வந்த அன்னைக்கே மாவாட்டச் சொல்லக்கூடாது."

"எனக்கு மட்டும் சொன்னாங்களே?"

"நீ நல்ல கம்பெனி தயாரிப்பு," என்றான் அனஸ். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் இன்னும் கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கு மெஷின் தடதடத்தது. திறந்திருந்த வால்வுகள் வழியே காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அனஸ் சட்டையில்லாமல் குத்தவைத்து, மெஷினைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மாமனார் அகமது கபீர், சோலைராஜையும் தெருக்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கபீர் முப்பது வருஷம் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தவர். கடை வாசலில் தொட்டி கட்டி, தண்ணீர் பாய்ச்சிக் காட்டாமல் ஒரு பம்பைக்கூட விற்றதில்லை. மகனுடைய மெஷினையும் அப்படியே காட்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

சோலைராஜ் குனிந்து அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தார். "முள்ளு நகரவே இல்லையே பாய்?"

"பெருமூச்சுல்லா விடுது!" என்றார் பக்கத்து வீட்டு ரத்தினம். "வந்த எடத்துல மாமியார் கொடுமையோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். கபீர் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு அழுத்தம் ஏத்தக்கூடாதுண்ணே," என்றான் அனஸ். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, சிலிண்டரை நெறைச்சே காட்டுதேன்."

"தூத்துக்குடியில ஒருத்தன் நெறைச்ச சிலிண்டரையே கொண்டாந்து தாரேங்கான் தம்பி. இன்னைக்குப் பொழுதுக்குள்ள பதில் கேக்கான். தண்ணிக்குள்ள எறங்குறது எங்க பையலுவ. கண்ணால பாக்காம உங்களுக்கு எப்பிடி வாக்கு குடுக்க?"

"ஏலே அனஸு," என்றார் கபீர். "நம்பி வந்த மனுஷனைச் சும்மாவா அனுப்புறது?"

அனஸ் அத்தாவைப் பார்க்கவில்லை. டீ தட்டோடு அடுப்படி வாசலில் நின்ற ஃபாயிஸாவைப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேண்டாம் என்று அவள் தலையை அசைத்திருந்தால் போதும், அவன் அதைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

சோலைராஜின் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை காட்டிருங்களேன் மச்சான்," என்றாள் ஃபாயிஸா.

அனஸ் ஒவ்வொரு வால்வாக மூடினான். புஸ் சத்தம் அடங்க, முள் எழும்பியது. ஐம்பது. நூறு. ஆட்கள் நெருங்கி வந்தார்கள். "அடேயப்பா!" என்றார் ரத்தினம். சோலைராஜ் செருப்பை விட்டுவிட்டு மேடைப் பக்கம் வந்து நின்றார். நூற்றைம்பது தாண்டியபோது கபீரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடை திறந்த அன்றைக்கு இருந்த முகம் அது. ஃபாயிஸாவின் மனசு அதற்குள் அடுத்த நோன்புப் பெருநாளுக்கே போய்விட்டது. அன்றைக்கு மச்சான் வீட்டில் இருப்பார், தொழுதுவிட்டு வந்து தன் கையால் சோறு பரிமாறுவார்.

சத்தம் மாறியதை அனஸ்தான் முதலில் கேட்டான். சுவிட்சை நோக்கி அவன் கை பாய்வதற்குள் உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. பெல்ட் அலறி, கருகின ரப்பர் நாற்றம் கிளம்பி, எல்லாம் நின்றுபோனது.

யாரும் டீயை எடுக்கவில்லை. "புது மெஷினு, அப்பிடித்தான் இருக்கும் தம்பி," என்றார் சோலைராஜ், நல்ல மனுஷன். தெருமுனை திரும்புவதற்குள் அவர் போன் காதுக்குப் போய்விட்டது.

பிரித்துப் பார்த்தபோது சுண்டுவிரல் பிஸ்டன் கோடு கோடாகக் கீறி, உறையோடு ஒட்டிப்போயிருந்தது. மெஷின் கம்பெனிக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு, பழக்கி ஓட்டாமல் அழுத்தம் ஏற்றியதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும், புது உறுப்பு வந்துசேர மாதக்கணக்காகும் என்றும் பதில் வந்தது.

"காட்டச் சொன்னது நான்தான்," என்றாள் ஃபாயிஸா.

"வால்வை மூடுனது என் கைதானே."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவன் எண்ணெய்க் கையோடு அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

மூன்றாம் நாள் அவள்தான் பிடிவாதம் பிடித்து அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளப்பினாள். உறுப்பு வரும்வரை பொறுக்கும்படி சோலைராஜிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். பைக்கில் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக் கிணற்றடியில் அவரைப் பார்த்தார்கள். கிணற்று மேட்டில் மஞ்சள் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒருவன் முதுகில் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றான்.

கேட்க வந்ததை அனஸ் கேட்கவில்லை. அந்த ஆளிடம் போய், தளர்ந்திருந்த தோள் வாரை இழுத்து இறுக்கி, காற்று சரியாக வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு முதுகில் தட்டி அனுப்பினான்.

"தூத்துக்குடிக்காரன் சிலிண்டர் இன்னைக்குக் காலையிலதான் வந்தது தம்பி," என்றார் சோலைராஜ் வருத்தத்தோடு. "பொழுதுக்குள்ள பதில் சொல்லு, பதில் சொல்லுன்னு பறந்தான். வாக்கு குடுத்த பொறவு ரெண்டு நாள் இழுத்தடிச்சுட்டான். தெரிஞ்சிருந்தா நீங்க சொன்ன மாதிரி மறுநாளே வந்திருப்பேன்."

"பரவாயில்லண்ணே," என்றான் அனஸ்.

ஃபாயிஸா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எங்கோ அடியில் கறுப்பாகக் கிடந்தது. இறங்கியவன் விட்ட மூச்சு குமிழி குமிழியாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது ராஜபாளையத்து மில்கள் கண்ணில் பட்டதும், "திருவனந்தபுரத்துல இருந்து வெள்ளிக்கிழமை பிளைட்டு இருக்கு," என்றான்.

அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை வாரப்போ உனக்கு என்ன வாங்கிட்டு வர?"

ஒவ்வொரு லீவு முடிவிலும் அவன் கேட்பதுதான். அவளும் சென்ட், சோப்பு, பாதாம் என்று ஏதாவது சொல்லி, சிரித்து, அனுப்பிவைப்பாள். இன்றைக்கு ஒரு பொருளின் பெயர்கூட வாயில் வரவில்லை.

"சொல்லு," என்றான் அனஸ், கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடிக்கொண்டே. "ஏதாவது சொல்லு, ஃபாயிஸா."