பிளாஸ்டிக் உரிக்காத கார்

"தள்ளாத, தம்பி. தூக்கு. கியர்ல நிக்குது, சக்கரம் சுத்தாது."

நாகமணி முன்பக்கம் குனிந்தார். டெரல் பின்பக்கத்தைப் பிடித்தான். சிறுபிள்ளைகள் ஏறி ஓட்டும் அந்தச் சிவப்பு பேட்டரி காரை இரண்டு பேருமாகத் தூக்கி, பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சவப்பெட்டியை அந்த வழியாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

டெரல் சிங்கப்பூரிலிருந்து மனைவி மவுரீனோடும் மகளோடும் புறப்பட்டு, விடியும் நேரத்தில்தான் மலேசியாவில் அப்பா வீடு இருந்த புக்கிட் செந்தோசாவுக்கு வந்து சேர்ந்திருந்தான். அப்பா டக்ளஸ் கூடத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவரைப் பார்த்தபோது அவனுக்கு அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு நாகமணி இப்போது காரை மூடியிருந்த நீலக் கித்தானை உருவியபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷெல்லியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு அவன்தான் ஆன்லைனில் வாங்கி இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தான். லீவுக்கு வந்தால் பிள்ளை ஓட்டட்டும் என்று. அதற்குப் பிறகு எல்லா லீவுக்கும், "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றோம்பா" என்று போனில் சொன்னான். ஷெல்லிக்கு இப்போது எட்டு வயது.

காரின் டயரில் மண் இல்லை. இருக்கையின் மேல், கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

"பேத்தி வண்டிதான இது?" நாற்காலியில் உட்கார்ந்திருந்த உஷாராணி கேட்டாள். அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவள். "அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. லீவுக்கு வந்தா வண்டிய விட்டு எறங்க மாட்டாளாம். சோறே ஊட்டி விடணுமாம்."

டெரல் அவளைப் பார்க்காமல், "ஆமா ஆண்டி" என்றான்.

அவள் போதகருக்குக் காப்பி கொடுக்க எழுந்து போனதும் அவன் காரருகே குந்தி, பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். உள்ளே ஜெபப் பாட்டு இரண்டாவது அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. தாள் 'சர்ர்' என்று கிழிந்தது. நாலைந்து தலைகள் திரும்பின. அவன் மீதியையும் இழுத்து, கசக்கி, கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். பை புடைத்து நின்றது.

நாகமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இந்தத் தடவ நீ லீவு போட்டுட்டேன்னு சொன்னியாம்ல. அன்னைக்கே இதத் தொறந்துட்டாரு. அமுக்குனா ஒண்ணும் இல்ல. மொதல்ல சார்ஜருதான் கோளாறுன்னு நெனச்சோம். அப்பறம் ஃபியூசப் பாத்தோம், அது நல்லாத்தான் இருந்துச்சு. மீட்டர் வச்சா பன்னெண்டு வோல்ட்டு காட்ட வேண்டிய எடத்துல நாலு காட்டுது. சரி, பேட்டரிதான்னு என் மோட்டார் சைக்கிள்லயே கோலா குபு பாரு டவுனுக்குப் போனோம்."

"நீங்களும் போனீங்களா மாமா?"

"பின்ன? பேட்டரிய மடியில வச்சுக்கிட்டு அவரு பின்னாடி ஒக்காந்து வந்தாரு. கடை மொதலாளி தவுக்கே கேக்குறான், எத்தன வருசமா வண்டி சும்மா நிக்குதுன்னு. ஒங்கப்பாவுக்குக் கோவம் வந்துருச்சு. எங்க சும்மா நிக்குது, என் பேத்தி ஓட்டு ஓட்டுன்னு ஓட்டித்தான் தேஞ்சு போச்சுன்னாரு." நாகமணி லேசாகச் சிரித்தார். "தவுக்கே விடுவானா? இல்ல அங்கிள், இது ஓடித் தேஞ்சது இல்ல, ஓட்டாம வச்சுச் செத்ததுன்னுட்டான்."

டெரலின் கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போனது.

"புதுசு அதோ, தொட்டிக்குப் பின்னால பெட்டியிலயே இருக்கு. மறுநாள் காலையில மாட்டலாம்னாரு. காலையில பாத்ரூமுக்குப் போனவருதான், திரும்பி வரல." நாகமணி ஸ்குரூ டிரைவரை நீட்டினார். "நீ மாட்டு. மாட்டாமக் கெடக்க வேணாம்."

அவன் இருக்கையைக் கழற்றினான். பழைய பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தான். அதன் மேல் தேதி எழுதிய ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. சிவப்பு ஒயரைச் சிவப்பில் சொருகினான். கறுப்பு ஒயர் கறுப்பில் ஏறாமல் வழுக்கியது. மூன்றாவது தடவை அழுத்தியபோது ஒரு சின்னப் பொறி பறந்து, முன்விளக்குகள் இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

"ஏறிடுச்சுப்பா!" என்றார் நாகமணி, துக்க வீடு என்பதை மறந்து.

வெளிச்சத்தைப் பார்த்து ஷெல்லி கூடத்திலிருந்து வந்தாள். பின்னாலேயே உஷாராணியும் வந்துவிட்டாள்.

"வாம்மா. ஒன் வண்டி ரெடி. தாத்தா பாக்கட்டும், ஏறி ஒக்காரு."

ஷெல்லி காரைச் சுற்றிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"டாடி, யாரோட கார் இது?"

உள்ளே பாட்டு முடிந்திருந்தது. அடுத்த ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. உஷாராணியின் கண் பிள்ளையிடமிருந்து டெரலுக்கு வந்து, கூடத்துக்குள் படுத்திருந்தவரிடம் போய் நின்றது.

"பேட்டரி மாத்துனதுல புள்ளைக்கு அடையாளம் தெரியல" என்றார் நாகமணி அவசரமாக. "லைட்டு வேற எரியுதுல்ல."

யாரும் சிரிக்கவில்லை. டெரலுக்குக் காது சுட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகத் தலையை இன்னும் தாழ்த்தினான்.

ஷெல்லி ஒரு காலை உள்ளே விட்டாள். மறு காலையும் விட்டு உட்கார்ந்தபோது முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு மேலே வந்துவிட்டன. திருப்ப முடியவில்லை.

"சின்னதா இருக்கு டாடி."

"எறங்கிடும்மா" என்றான்.

உள்ளே போதகர், குடும்பத்தார் முன்னால் வரலாம் என்று கூப்பிட்டார்.

கெர்லிங் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. வாடகை நாற்காலிக்காரர்கள் வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காரின் விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன.

அம்மா பேட்ரிசியா, கல்லறைக்குக் கட்டிப்போன சேலையோடேயே காரருகே வந்து நின்றாள்.

"சுவிட்ச அமத்துடா. பேட்டரி எறங்கிடும்."

அவன் அமர்த்தினான். அம்மா இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல பிளாஸ்டிக் இருந்துச்சே?"

டெரல் பைக்குள் கையை விட்டு, பந்தாகச் சுருண்டிருந்ததை எடுத்து நீட்டினான். அம்மா அதை வாங்கி, தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். சுருக்கம் போகவில்லை. கிழிந்த பக்கத்தை உள்ளே மடித்து, இருக்கையின் மேல் விரித்தாள்.

பிறகு நீலக் கித்தானை உதறி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற முனை தரையில் கிடந்தது. டெரல் அதை எடுத்துக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போனான்.