பக்கத்து இருக்கைக்காரர்கள்

வாரன் ஹாஸ்கினுக்குக் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. ஹோட்டல் அறைக் கதவில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்குமே, அதைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே படிப்பார். முதலில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு. எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் சட்டை மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டக் கிளம்புவார்.

அன்றைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஓரத்து ஹோட்டலிலும் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பயம்தான் போகவில்லை. பயம் அவரோடு போன வசந்தத்திலிருந்தே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை வந்தது ஆர்கன்சாவுக்கு மேலே, நல்ல வெயிலில். இடது ஓரத்தில் ஒரு பொட்டு மின்னியது. அது பெருகியது. விளிம்பில் ரம்பப் பல் முளைத்தது. பாதிப் பார்வையை விழுங்கிவிட்டு, இருபது நிமிடம் போல இருந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி போய்விட்டது. விமானம் தானியங்கியில் பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானி உலர்ந்த மாம்பழத் துண்டுகளை மென்றுகொண்டு தன் ஊர் பேஸ்பால் அணியைத் திட்டிக்கொண்டிருந்தார். வாரன் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிச் சமாளித்தார். அதன்பிறகு நாலைந்து முறை வந்துவிட்டது.

மற்ற மனிதர்களாக இருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். விமானிகள் ஓட மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் தகுதிச் சோதனை. அதில், இடையில் எந்த டாக்டரைப் பார்த்தாய், எதற்குப் பார்த்தாய் என்று ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். "கண்ணில் பொட்டு" என்று வாயைத் திறந்தால் உரிமம் அன்றே தரையிறங்கிவிடும். மறுபடி ஏறுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே, திருடனுக்குப் போலீஸ் எப்படியோ, அப்படி இவர்களுக்கு டாக்டர். கண்ணில் வந்திருப்பது சாதாரண ஒற்றைத் தலைவலியா, மூளையில் ஏதாவதா என்றுகூடத் தெரியாமல், தெரிந்துகொள்ளவும் துணியாமல், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஹோட்டல் கதவைப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி லொரெய்னிடம்கூட மூச்சு விடவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து ஓட்டுகிறார். வேறு தொழில் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

குட்டு இத்தனை நாள் வெளிப்படாமல் இருந்ததற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை, அந்தக் கம்பெனியின் நடைமுறைதான் காரணம். பணக்காரர்கள் ஆளுக்கு ஒரு வீசம், இரண்டு வீசம் என்று விமானத்தில் பங்கு வாங்கிவைத்திருப்பார்கள். பங்குதாரர் கூப்பிட்ட ஊருக்குக் கூப்பிட்ட நேரத்தில் ஏதோ ஒரு விமானம் போய் நிற்கும். அதில் ஏதோ இரண்டு விமானிகள் இருப்பார்கள். ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. ஒவ்வொரு வாரமும் துணைக்கு ஒரு புது முகம். தோளோடு தோள் உரசி ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டுக் கைகுலுக்கிப் பிரிந்தால், ஆயிரக்கணக்கான விமானிகளில் அதே ஆளை மறுபடி பார்க்க வருஷங்கள் ஆகும். நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆளே கிடையாது. வாரனுக்கு அது தோதாகப் போயிற்று.

இந்த வாரம்தான் அந்தத் தோது கெட்டது. மரிசெலா ஒச்சோவா திரும்பி வந்திருந்தாள்.

எல் பாசோ ஊர்க்காரி. முப்பத்து நாலு வயது. கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. போன மாதம்தான் அவருடன் ஒரு வாரம் பறந்திருந்தாள். இப்போது மறுபடியும் அவளே.

"என்ன, உனக்கு வேற கேப்டனே கிடைக்கலையா?" என்று கேட்டார் வாரன், முதல் நாள் சிரித்துக்கொண்டே.

"உங்க ஜோக்கெல்லாம் பாதிதான் புரிஞ்சுது கேப்டன். மீதியையும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் அவள்.

அதன்பிறகு நான்கு நாளும் அவள் ஒரு கண்ணைத் தன் மேலேயே வைத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவர் காப்பிக் கோப்பையை எடுத்தால் பார்த்தாள். வரைபடத்தைப் புரட்டினால் பார்த்தாள். நிஜமாகவே பார்க்கிறாளா, தன் குற்றமுள்ள நெஞ்சு அப்படி நினைக்கிறதா என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு ஐந்தாம் நாள். மதியம் பெல்லமி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐடஹோ மலைகளுக்குப் போக வேண்டும். பனிச்சறுக்குப் பலகைகள், பெட்டிகள், பெல்லமி, அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். இந்த வேலையில் விமானிதான் போர்ட்டர், விமானிதான் காப்பி போடுகிறவர், கழிவறை துடைக்கிறவரும் அவர்தான். பலகைகளை அடுக்கி முடித்து வாரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாரன், இன்னிக்கு விமானத்தை யார் இறக்கறது?" என்றார் பெல்லமி. "போன தடவை வந்த பையன் என் முதுகெலும்பை எண்ண வெச்சுட்டான்."

"நான்தான் சார். உங்க கிளாஸ்ல தண்ணிகூட அலையாது."

"இன்னிக்கு நான் இறக்கட்டுமா கேப்டன்?" என்று மரிசெலா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பள்ளத்தாக்குல எனக்குப் பழக்கம் வேணும்."

"அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார் வாரன். வெடுக்கென்று வந்துவிட்டது. கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் ஏன் கொடுத்தார் என்று அவள் யோசிப்பாளே என்ற பயம். பயந்தவன் புத்தி இப்படித்தான் போகும்.

அந்த ஊர் விமான நிலையம் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை. வடக்கே போகப் போகச் சுவர்கள் நெருங்கி வரும். இறங்குகிறவர்கள் தெற்கிலிருந்து வர வேண்டும். புறப்படுகிறவர்கள் அதே தெற்கே திரும்பிப் போக வேண்டும். அன்று மலைமுகட்டில் பனி தூவிக்கொண்டிருந்தது. மேகத்துக்குக் கீழே வந்ததும் சாம்பல் வெளிச்சத்தில் ஓடுதளம் தெரிந்தது. வாரன் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையில் எடுத்தார்.

அப்போது இடது ஓரத்தில் ஒரு பொட்டு மின்னியது.

வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கெஞ்சினார். யாரிடம் என்று அவருக்கே தெரியாது. பொட்டு பெருகியது. ரம்பப் பல் முளைத்தது. வேகம் காட்டும் பட்டையின் எண்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. இடது பக்கத்து மலை, மரம், பனி எல்லாம் போய், அங்கே தகதகவென்று ஒன்றுமில்லாத ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஓடுதளத்தில் பாதி இருந்தது. அது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

"ஆயிரம்" என்றது விமானம், தரைக்கு இன்னும் எத்தனை அடி என்று தன் இயந்திரக் குரலில்.

"கேப்டன், இடது பக்கம் ஒதுங்கறீங்க" என்றாள் மரிசெலா.

அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். அது வரவில்லை. பின்னால் நாய் ஒருமுறை குரைத்தது. பெல்லமியின் சின்னப் பெண் எதற்கோ சிரித்தாள்.

"கேப்டன்! இடது!"

இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை கூப்பிடக்கூடாது, கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் ஆயிரம் தடவை சொல்லிக்கொடுக்கிற விதி இது. நிஜத்தில், எட்டு மாதம் ஆன ஒருத்தி இருபது வருஷக் கேப்டனிடமிருந்து விமானத்தைப் பிடுங்குவது லேசில்லை.

"என் கண்ட்ரோல்" என்றாள் மரிசெலா.

வாரனின் விரல்கள் விடவில்லை. அடம்பிடிக்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் இல்லை. பயத்தில் இறுகிப்போயிருந்தன, அவ்வளவுதான். அவள் திருப்புவதை அவர் கைகள் எதிர்த்துப் பிடித்தன. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து தடுமாறியது.

"விடுங்க! என் கண்ட்ரோல், விடுங்க!"

விட்டார். விமானம் வலது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நேரானது. "ஐநூறு" என்றது. மரிசெலா வேகத்தைத் தானே படித்துத் தானே உரக்கச் சொன்னாள். அவர் சொல்ல வேண்டியதையும் சேர்த்து அவளே சொல்லிக்கொண்டாள். சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. வாரன் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, பாதியாகத் தெரிந்த உலகத்தைப் பார்த்தபடி, கோவிலில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாரன், கிளாஸ்ல தண்ணியே இல்ல, எல்லாம் என் பேன்ட்லதான் இருக்கு!" என்று பெல்லமி இறங்கும்போது தோளில் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"காத்து சார். மன்னிக்கணும்" என்று மரிசெலா முந்திக்கொண்டு சொன்னாள்.

பலகைகளை அவளே இறக்கினாள். நாய் முடியை அவளே கூட்டினாள். அந்த நேரத்துக்கு அவருக்குக் கண் முழுசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மலை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. எல்லாம் துல்லியமாக இருந்தது, அதுதான் கொடுமை. இப்போது எந்த டாக்டர் பார்த்தாலும் நல்ல கண் என்றுதான் சொல்வார்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அரிசோனா போக வேண்டும். அவர்கள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். ஒரு தாய், மூன்று குழந்தைகள், கைக்குழந்தையோடு ஒரு செவிலித்தாய். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் விமானத்தைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

விமானிகளின் ஓய்வறையில் வேறு யாரும் இல்லை. மரிசெலா கதவைச் சாத்தினாள்.

"பனியில கண்ணு கூசிடுச்சு" என்றார் வாரன்.

"பொய் சொல்லாதீங்க."

"மரிசெலா..."

"போன மாசமே பார்த்தேன் கேப்டன். கன்சாஸ் மேல. கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தீங்க. வரைபடத்தை உரக்கப் படி, குரல் நல்லா இருக்கு, பழகிக்கோன்னு என்கிட்ட நீட்டினீங்க. என் குரல் நல்லா இருக்காம்!" அவள் சிரிக்க முயன்றாள், அழுகைதான் வந்தது. "அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. வெளியே சொன்னா உங்க பொழப்பு போயிடும். நான் பார்த்தது தப்பா இருந்தா என் பொழப்பு போயிடும். அதான் இன்னொருத்தர்கிட்ட என் கிறிஸ்துமஸ் லீவைக் கொடுத்துட்டு இந்த வாரத்தை வாங்கினேன். வேற யாராவது தெரியாதவங்க உங்க பக்கத்துல உக்கார்றதுக்கு, தெரிஞ்ச நான் உக்கார்றேன்னு."

வாரனுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. நான்கு நாளாக அவளைக் கண்டு பயந்தார். அவளும் அதே நான்கு நாளும், அவரைவிடப் பயந்துகொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அது முட்டாள்தனம்" என்றாள் அவளே. "இன்னிக்குப் புரிஞ்சுடுச்சு. பின்னாடி நாலு பேர் இருந்தாங்க."

"நான் களைப்புன்னு சொல்லிடறேன்" என்றார் வாரன்.

அந்தக் கம்பெனியில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. எந்த விமானியும் எந்த நேரத்திலும் களைப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. விமானம் நிற்கும், பங்குதாரர் எவ்வளவு கத்தினாலும் நிற்கும்.

"சொல்லுங்க. பத்து மணி நேரம் தூங்கச் சொல்வாங்க. நாளைக்குக் காலையில மறுபடி ஓட்டச் சொல்வாங்க. அடுத்த வாரம் என் இடத்துல வேற ஒருத்தர் இருப்பார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் போய் அந்தம்மாகிட்ட விமானம் போகாதுன்னு சொல்றேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க பேசியிருக்கணும். இல்லன்னா நான் பேசுவேன் கேப்டன். பயமாத்தான் இருக்கு, ஆனா பேசுவேன்."

அவள் போனபின் வாரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓஹியோவில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் ஐரிஸ் எடுத்தாள். பல வருஷமாகக் குரலில் மட்டுமே பழக்கம்.

"வாரனா! சொல்லுங்க. என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு? களைப்பா? ஒண்ணும் விளக்க வேண்டாம், ஆமாம்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரிசெலா பேசுவது தெரிந்தது. அந்தத் தாய் கையை ஆட்டிக் கோபமாக எதையோ கேட்டாள். குழந்தைகளில் ஒருவன் ஏமாற்றத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்ல ஐரிஸ்" என்றார் வாரன். "கண்ணு. எனக்குக் கண்ணு பாதி போயிடுது. அப்புறம் வந்துடுது. இன்னிக்கு இறங்கும்போது போச்சு."

ஐரிஸ் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது தோழமை கொஞ்சம் விலகி வேலைக்குரல் வந்திருந்தது. ஆனாலும் கனிவு இருந்தது. "எப்போலேருந்து கேப்டன்?"

"போன வசந்தத்துலேருந்து."

"தேதி ஞாபகம் இல்லன்னாலும் பரவாயில்ல, ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்ல யார் இருந்தாங்க? அவங்ககிட்டயெல்லாம் நாங்க பேசணும். முதல் தடவை யாரு?"

வாரன் வாயைத் திறந்தார். உலர்ந்த மாம்பழம் தின்றவர். அடுத்த தடவை, பிரசவம் ஆன மனைவியோடு இரவெல்லாம் போனில் பேசி, கண் சிவந்து வந்த பையன்; குழந்தையின் படத்தைக்கூடக் காட்டினான், அழகாக இருக்கிறது என்று இவரும் சொன்னார். அப்புறம் எப்போதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்த ஒரு பெண். அப்புறம் ஒருவர், முகம்கூட வரவில்லை, கை மட்டும் வந்தது, அதில் ஒரு பழைய மோதிரம்.

"கேப்டன், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "பேர் தெரியல ஐரிஸ். மரிசெலாவைத் தவிர ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியல."