பதில் வரும் முகவரி

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பெருசாக்குடி."

சொராயிதா இரண்டு விரல்களால் டேப்லெட் திரையை விரித்துப் பிடித்தாள். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பாதிரியார் பூசிவிட்டுப் போன கையோடு அம்மா எர்லிந்தா கேட்டது டேப்லெட்டைத்தான்.

மேட்டுத் தெருவின் தண்ணீர்க் குழுவுக்கு அம்மாதான் செயலாளர். பதினோரு மாதமாகக் குழாயில் சொட்டு இல்லை. குழுவின் கடிதம் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து, அதாவது அம்மாவின் முகவரியிலிருந்து, வந்தால்தான் நகராட்சி ஏற்கும். எத்தனையோ கடிதங்கள் போயின, பதிலே இல்லை. போன வாரம் நீர்ப் பிரிவு பொறியாளர் சொராயிதாவை வழியில் பார்த்து, "நாலு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டும் நீங்க ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. நகராட்சியில் எழுத்தராக இருக்கும் தம்பி நெரியின் தொலைபேசியிலும் அம்மாவின் மின்னஞ்சல் திறந்திருந்தது. பதில்களை அவன்தான் அழித்துக்கொண்டிருந்தான்.

"கடவுச்சொல்லை மாத்திட்டு, அவன் சட்டையைப் புடிச்சுக் கேக்கறேன்."

"வேண்டாம். மேயர் மிரட்டியிருக்கார். மூணு புள்ளைங்க அவனுக்கு. வேலை போச்சுன்னா நீயா தோர்தியா ரொட்டி சுட்டுப் போடுவே?"

"அதுக்காகத் தெருவே காஞ்சு சாகணுமா?"

"யாருடி சொன்னா? கடிதம் என் முகவரியிலேருந்தே போகட்டும். பதில் மட்டும் உனக்கு வரட்டும். அவன் கையில அழிக்க ஒண்ணும் இருக்காது. பாவமும் இருக்காது."

அமைப்புகளில் தேடி, பதில் முகவரிக் கட்டத்தில் சொராயிதா தன் முகவரியை இட்டாள். அம்மா அதை எழுத்தெழுத்தாய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"கடிதத்துல தயவு செஞ்சுன்னு போடவா?"

"பதினோரு மாசம் போட்டாச்சு. எடுத்துடு."

கடிதம் போனது. மூன்று மணிக்கு அம்மா போனாள்.

மறுநாள் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் நெரி அடுப்படிக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நேத்து ஒரு கடிதம் போயிருக்கே. பதில் எதுவும் வரல."

"எனக்கு வந்துச்சு. காலையிலயே. திங்கக்கிழமை விசாரணை. போறோம்."

அவன் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தான். திரும்ப எடுத்தான்.

"மேயர் என்னைக் கேப்பாரே."

"உன்கிட்ட ஒண்ணும் வரலைன்னு சொல்லு. பொய் இல்லையே."

"இது உன் யோசனையா?"

"எனக்கு உன் சட்டையைப் புடிக்கணும்னுதான் இருந்துச்சு. அம்மாதான் விடல."

சொராயிதா காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஒரு துண்டு ரொட்டியோடு அவன் கையில் வைத்தாள்.

மேட்டுத் தெருவின் சவப்பெட்டிகள் எப்போதும் பின்பக்கச் சந்து வழியாகத்தான் கல்லறைக்குப் போகும். அம்மாவின் பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்திருந்தவன் நெரி. முச்சந்தியில் அவன் நகராட்சி அலுவலகம் இருக்கும் பெரிய தெருவுக்குள் திரும்பினான்.

"தம்பி, வழி இந்தப் பக்கம்," என்றார் பின்னால் வந்தவர்.

"தெரியும்," என்றான்.

ஏற்றத்தில் யாரோ தோள் மாற்றிக்கொள்ள வந்தார்கள். அவன் விடவில்லை.