குல்லாவுக்குள் ஒரு பெயர்

சரக்குக் கிடங்கில் அவரைப் பாறை என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் மூட்டை சுமந்த தலை. மேலடுக்கிலிருந்து ஒரு மரப்பெட்டி நழுவி அவர் மண்டையில் விழுந்ததாகவும், உடைந்தது பெட்டிதான் என்றும் ஒரு கதை உண்டு. அதில் பாதி பொய். பெட்டி ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது. ஆனாலும் பாறை அதை மறுத்துப் பேசியதில்லை. பட்டம் என்ன சும்மாவா வருகிறது?

அப்பேர்ப்பட்ட தலைதான் அறக்கட்டளையில் தரம் பார்க்கும் அதிகாரி.

அறக்கட்டளை என்றதும் கட்டடம், வாசலில் காவல்காரர் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு பலகை, சுவரில் பாறையின் மனைவி படம். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மார்பில் வந்த புற்றுநோய். மருந்து ஏற ஏற முடி மொத்தமும் கொட்டி அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் சேர்ந்து, முடி போனவர்களுக்குப் பருத்திக் குல்லா தைத்து அதே ஆஸ்பத்திரிக்குச் சும்மா கொடுப்பது என்று அவள் பேரில் ஆரம்பித்தார்கள்.

மச்சினன், அதாவது அவள் தம்பி, தொழிலே தையல். வெட்டுவதும் தைப்பதும் அவன். மகள் நூல் பிசிறு நறுக்கி மடித்து அடுக்குவாள். பாறை ஒவ்வொன்றையும் தலையில் மாட்டிப் பார்ப்பார்.

"மாமா, இந்தாங்க, இன்னிக்கு இருபது."

பாறை ஒன்றை எடுத்து மாட்டுவார். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்புவார். பின்மண்டையை ஒரு தட்டு தட்டுவார். "ம், போகலாம்."

"அப்பா, பூப்போட்டதுல புதுப்பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்பாள் மகள்.

"உங்கம்மா இருந்தா மயங்கியிருப்பா."

"மயங்கித்தான் விழுந்திருப்பாங்க" என்பான் மச்சினன், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

குல்லாவுக்குள்ளே, பின்பக்கம் ஒரு பட்டை இருக்கும். விரலகல நாடாவில் சிவப்பு நூலில் மனைவியின் பெயர், கீழே 'நினைவாக'. அது பாறையின் யோசனை. நூறு சலவைக்கும் அழியாது என்று எம்பிராய்டரி கடைக்காரர் சொன்ன உடனே, வேறு கேள்வி கேட்காமல் நாடாவைச் சுருள் சுருளாக வாங்கி வந்துவிட்டார்.

பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை பையைக் கொண்டுபோய் நர்ஸம்மாவின் மேஜையில் வைப்பார். வணக்கம் சொல்வார். திரும்பிவிடுவார். வார்டுக்குள் கால் வைக்க மாட்டார். உள்ளே வரிசையாகப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளில் ஜன்னலிலிருந்து மூன்றாவது அவர் மனைவி உட்காருவது.

அந்தச் சனிக்கிழமை மேஜையில் ஆள் இல்லை. பையை அநாதையாக விட்டுப்போக மனமில்லாமல் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பஸ் கண்டக்டர். இது அப்புறம்தான் தெரிந்தது, ஆனால் குரலைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தலை மழமழவென்று வெறுமையாக இருந்தது. பாறையின் வீட்டில் தைத்த நீலக் குல்லா மருந்துப் பை தொங்கும் கம்பியின் உச்சியில் மாட்டியிருந்தது.

பாறையால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, கம்பிக்கு என்ன, குளிருதா?"

"கம்பி வாயில்லாப் பூச்சிங்க. குத்துதுன்னு சொல்லாது." கண்டக்டரம்மா அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார். "ஓ, நீங்கதான் குல்லாக்காரரா? வாங்க வாங்க, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"குத்துதா? நான் ஒவ்வொண்ணையும் என் தலையில போட்டுப் பாத்துத்தானே அனுப்புறேன்."

"கொஞ்சம் குனிங்க."

குனிந்தார். அந்தம்மா விரல் முட்டியால் அவர் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டினார். "இது மேல பஸ்ஸே போகலாம். இதுல போட்டுப் பாத்தா என்னத்தத் தெரியும்? முடி போன தலை பச்சப்புள்ள தோலுங்க. தலையணை உறை மடிஞ்சிருந்தாலே உறுத்தும். நாள் முழுக்கச் சாஞ்சே கிடக்குறோம். சரியா பின்மண்டையில உங்க பட்டை. அரம் வச்சு ராவுற மாதிரி இருக்கு."

பக்கத்து நாற்காலிகளில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டார். பாறையின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே குல்லாக்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"எல்லாரும் ஆசையாத்தான் வாங்கிக்கிறாங்க. ரெண்டு நாள்ல திரும்பக் குடுத்துடுறாங்க" என்றார்.

"ஒரு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"செத்தவங்க பேரைப் போட்டுக் குடுத்தா யாருங்க குறை சொல்லுவாங்க?" என்றார் கண்டக்டரம்மா. "எனக்குத்தான் வாய் நிக்காது."

பாறை அலமாரியிலிருந்து ஒரு குல்லாவை எடுத்தார். "பட்டையை வெளிப்பக்கமா, முன்னால வச்சுத் தச்சா?"

"நெத்தியில அந்தம்மா பேரை பஸ் போர்டு மாதிரி மாட்டிக்கிட்டு நான் எங்க போறது? அவங்க போன ஊருக்கா?" சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. குல்லாவுல குத்தமில்ல. துணி நல்ல துணி."

ஒரு பையோடு போனவர் அலமாரியில் இருந்ததையும் வாரிக்கொண்டு மூன்று பையோடு வீடு திரும்பினார். மூட்டை சுமக்கிறவருக்கு மூன்று பை ஒரு பொருட்டா? அன்றைக்கு என்னவோ கனத்தது.

மறுநாள் மத்தியானம் முன்னறையில் பஞ்சாயத்து கூடியது. விஷயத்தைக் கேட்ட மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தோணுச்சுப்பா" என்றாள்.

"அப்புறம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அம்மா பேருப்பா. எடுங்கன்னு எப்படிச் சொல்றது?"

மச்சினன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "எடுத்துருவோம் மாமா. ஒரு நிமிஷ வேலை."

"எடுத்துட்டா அது வெறும் துணி மாப்ள. கடையில தொங்குற துணி. அதுக்கும் உங்க அக்காவுக்கும் என்ன சம்பந்தம்? அவ பேரு எங்கயும் இல்லன்னா நாம எதுக்கு இங்க உக்காந்து தச்சுக்கிட்டிருக்கோம்?"

பாறை ஒரு குல்லாவைத் திருப்பிப் பட்டையை உள்ளங்கையில் தேய்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் தேய்த்தார். தோளில் தேய்த்தார். உடம்பு முழுக்கக் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது.

"மாமாவுக்கு மெத்துனு இருக்குற இடத்தைக் கண்டுபிடிக்க நிலம் அளக்குற அதிகாரிங்கதான் வரணும்" என்றான் மச்சினன்.

"முழங்கை மடிப்புல தேய்ங்கப்பா, உள்பக்கம்."

தேய்த்தார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இன்னொரு தரம் தேய்த்தார். சிவந்த கோடு விழுந்தது.

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. மனைவிக்கு முடி கொட்டிய புதிதில் கடையில் நல்லதாகப் பார்த்து ஒரு குல்லா வாங்கி வந்தார். அவள் போட்ட வேகத்தில் கழற்றி எறிந்தாள். "குத்துது." அவர் அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "எங்க குத்துது? உனக்கு எதைத் தொட்டாலும் குத்தும்" என்றார். அவள் கொடியில் கிடந்த அவருடைய பழைய துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். கடைசி வரைக்கும் அந்தத் துண்டுதான். பாறை அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கிடங்கு பூராவும் பெருமை அடித்தார்.

"பிளேடு எடுத்துட்டு வா" என்றார் மகளிடம்.

பட்டைகளைப் பிரிக்கப் பொழுது சாயும் வரை ஆயிற்று. ஒவ்வொன்றிலும் அவள் பெயர். துணி கிழியாமல், நூல் நூலாக, தடித்த விரல்களால் பிரித்தார். மச்சினன் உதவிக்கு வந்தபோது, "நீ தைக்கத்தான் லாயக்கு, தள்ளு" என்று விரட்டிவிட்டார். வேலையின் நடுவில் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார். "சும்மாடு கட்டுறப்ப முடிச்சைத் தலைப் பக்கமா வைப்பாங்களா? அப்படி வச்சா மூட்டை ஏறுனதும் உயிர் போயிடும். நீ தையலை உள்பக்கம் வச்சிருக்க. இனிமே தையல் வெளிய."

"பாக்க அழகா இருக்காதே மாமா."

"போட்டுக்குறவங்க உள்ளதானேப்பா இருக்காங்க."

அன்றோடு தரம் பார்க்கும் வேலையும் மகளின் முழங்கை மடிப்புக்குப் போய்விட்டது.

அடுத்த தரம் பாறை நேராக வார்டுக்குள்ளேயே போனார். கண்டக்டரம்மா குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போலி டிக்கெட்டைப் பார்ப்பது போல. விரலை உள்ளே விட்டுத் துழாவினார்.

"பேரு எங்க?"

"எடுத்தாச்சு."

அந்தம்மா மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தலையை இடமும் வலமும் அசைத்தார். "நிறம் சகிக்கல" என்றார். கழற்றவில்லை. "சரி, குல்லா நல்லா இருக்கேன்னு யாராவது கேட்டா, யாரு குடுத்ததுன்னு சொல்றது?"

பாறை வாயைத் திறந்தார். பேரைச் சொன்னார். எம்பிராய்டரி கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்ததைத் தவிர, இந்த ஒன்றரை வருடத்தில் வெளியாட்களிடம் அதைச் சொன்னதே இல்லை. பேரைச் சொன்னதும் பேச்சு அங்கேயே நிற்கவில்லை.

"இதே நாற்காலிதாங்க. ஜன்னலைச் சாத்துங்கன்னு சொல்லுவா, சாத்துனா திறங்கன்னு சொல்லுவா. ஒருநாள் டாக்டரையே எந்திரிக்கச் சொல்லிட்டு அவரு ஸ்டூலை எனக்கு வாங்கிக் குடுத்தா. மூட்டை தூக்குற மனுசன், கால் வலிக்கும்னு. டாக்டரும் எந்திரிச்சுட்டாரு பாவம். நின்னுக்கிட்டே எழுதுனாரு..."

நிமிர்ந்து பார்த்தால் கண்டக்டரம்மா கண்ணை மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சீரான குறட்டை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

பாறை கதையைப் பாதியில் விட்டுவிட்டு, சத்தம் போடாமல் பையைச் சுருட்டினார்.

"அட, நிறுத்திட்டீங்களே" என்றார் நாலாவது நாற்காலியில் இருந்த பெண், கையை நீட்டி ஒரு குல்லா வாங்கிக்கொண்டே. "அந்த டாக்டர் அப்புறம் எங்கதான் உக்காந்தாரு?"

பாறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.