தேதிக் கட்டம்

மூன்றாம் முறையாகச் சேனாபதி வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பியபோது மரகதம் அதைக் கணவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நியூவார்க்கில் ஏறி, நாளைக் காலை சென்னை விமானத்தைப் பிடிக்கவிருந்தவர்களுக்குக் கோபன்ஹேகனில் கிடைத்தது ஒரே ஒரு பகல். வழிகாட்டி வேண்டாம், நடந்தே பார்த்துவிடலாம் என்று பாதையை அவள்தான் பென்சிலால் வரைந்திருந்தாள்: கால்வாய், வட்டக் கோபுரம், அரண்மனை முற்றம், மூன்று மணிக்கு ஆவணக் காப்பகம்.

"இன்னும் ஒன் மைல்தான்."

"மேப்புல கிலோமீட்டருங்க. ஏழு வருஷத்துல முழு அமெரிக்கனாவே ஆயிட்டீங்க."

"ஆமா, மான்மவுத் ஜங்ஷன்ல குடியிருக்குற வெள்ளைக்காரன். அந்தச் செலைகிட்ட நில்லு, ஒரே ஒரு ஃபோட்டோ."

அது பதினோராவது சிலை. குதிரைமேல் அமர்ந்த மன்னர்கள் அனைவரும் ஒரே முகத்துடன் அவளைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கல் பாவிய தெருவில் ஆறு வயது மகள் வெண்பா நொண்டத் தொடங்கியிருந்தாள். வட்டக் கோபுரத்தின் மேலே நகரம் முழுவதும் சிவந்த ஓடுகளாக விரிந்தபோதும் மரகதம் கைக்கடிகாரத்தையே பார்த்தாள். கோவையில் பாதியில் விட்டுவந்த ஆய்வேட்டின் பதிவு டிசம்பரோடு காலாவதியாகிறது. வேலைக்கு அனுமதியில்லாத விசாவில் கழிந்த ஏழு ஆண்டுகளில், தன்னுடையது என்று சொல்ல அவளிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே. டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியிலிருந்து இங்கே கப்பலேறி வந்த ஓலைக் கடிதக் கட்டு ஒன்றைப் பார்க்காமல் அதன் கடைசி இயலை எழுத இயலாது.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் காப்பகத்தை அடைந்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி கோப்பைப் புரட்டினாள். கட்டு செப்பனிடும் கூடத்துக்குச் சென்றுவிட்டது, அக்டோபரில்தான் திரும்பும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, குறையாக அல்ல, வருத்தமாகவே சொன்னாள்: ஜூன் ஏழாம் தேதி அதை எடுத்து வைத்து மாலை வரை காத்திருந்தோம்.

"ஜூனா?" மரகதம் கணவன் பக்கம் திரும்பினாள். "ஃபார்ம நீங்கதான ஃபில் பண்ணுனீங்க?"

பெண்மணி விண்ணப்பத்தைத் திருப்பி வைத்தாள். 07/06/99. ஏழின் நடுவே குறுக்குக் கோடு. மரகதத்தின் ஏழு. பள்ளியில் தேதியை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதிப் பழகிய கை, எந்த நாளில் இப்படி மாதத்தை முன்னால் போட மாறிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

வெண்பா எட்டிப் பார்த்தாள். "ஜூலை சிக்ஸ்த். தட்ஸ் டுடே, மாம்!"

சேனாபதி சிரிக்கவில்லை. காலையிலிருந்து கேட்ட ஏச்சுகளில் ஒன்றையாவது அவன் திருப்பித் தந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"புது ஃபார்ம் ஒண்ணு கேளு," என்றான் மெதுவாக. உடனே, "ஆனா அக்டோபர்ல எனக்கு லீவு கெடைக்காது, மரகதம்."

"உங்கள ஆரு கூப்புட்டா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. அவனும் கேட்டுவிட்டு, தோளில் தொங்கிய கேமராவின் மூடியைத் தேடிப் பொருத்தினான்.

காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதியில்லை. வரும் வழியெல்லாம் கைப்பையில் உருண்டுகொண்டிருந்த, மூன்று நாளைக்கு முன்பே சீவி வைத்த பென்சில்களில் ஒன்றை எடுத்தாள். பெயரை எழுதினாள். ஊரை எழுதினாள். வருவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"மந்த் ஃபர்ஸ்ட், மாம்," என்றாள் வெண்பா, உதவியாக.

பென்சில் முனை கட்டத்துக்குள் அழுந்தி அங்கேயே சுழன்ற இடத்தில் ஒரு கரும்புள்ளி மெல்லத் தடித்துக்கொண்டிருந்தது.