பன்னிரண்டு மணிக்குள் ஒரு கையெழுத்து

வேட்புமனு ஏற்பது நண்பகல் பன்னிரண்டோடு முடியும். பதினொன்றே கால் ஆகியும் வினோதாக்கா வரவில்லை. நுவரெலியா கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலில் வேட்பாளர் பட்டியலைப் பிடித்தபடி நின்ற எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. பிரதேச சபைத் தேர்தலில் பெண்கள் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்கள். அந்த ஒன்று, இன்னும் கையெழுத்துப் போடாத வினோதாக்காதான். எங்கள் சின்னக் கட்சிக்கு நான் செயலாளர் என்று பெயர். வேலை என்னவோ கையெழுத்துப் பொறுக்குவது.

பதினொன்றரைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பட்டியலை வாங்கி மேலிருந்து விரலை ஓட்டினார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது.

"சோலைமலையா?"

போன வருடம் சம்பளம் கேட்டு எங்கள் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கவில்லை. முன்னே நின்றவர் வினோதாக்கா. பெரிய தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரான சோலைமலை, தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில் டீ குடித்துவிட்டு சமரசம் என்று கையெழுத்துப் போட்டார். அதோடு அந்தப் பெண்களில் பேச்சியம்மா உட்பட ஐந்து பேருக்கு வேலை போனது. இப்போது சோலைமலை அந்தச் சங்கத்தோடு கோபித்துக்கொண்டு எங்களிடம் வந்திருந்தார், நானூறு ஓட்டோடு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நாங்களும் சேர்த்துக்கொண்டோம்.

"பிரிஞ்சு நின்னா எல்லாருந்தான் தோப்போம்கா. ஒண்ணா நின்னா சபையில ஒரு ஆளாச்சும் இருப்போம்."

"பேச்சியம்மாகிட்ட இதச் சொன்னீங்களா தம்பி?"

சொல்லவில்லை. இவரிடமும் வேண்டுமென்றேதான் மறைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் மணி பதினொன்று நாற்பது. பயம் வெட்கத்தை மிஞ்சியிருந்தது.

"நீங்க போடலன்னா மத்த பதினாறு பேரும் போச்சுக்கா."

பேனாவை வாங்கி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார். நான் உள்ளே ஓடினேன். மூன்று நிமிடம் மீதியிருக்க ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது அவர் பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நாளைக்கே லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு போயி ஓட்டுக் கேப்போம்கா."

"நீங்க போங்க தம்பி. பதினாறு பேரக் கெடுக்கக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன். ஓட்டுச் சீட்டுல எங்க பேரு இருக்காது, சின்னந்தான் இருக்கும். அதுல புள்ளடி கீறி ஓட்டுப் போட்டா அவருக்குஞ் சேத்துத்தான். காலையில வேலைக்குப் போக முன்னாடி பெரட்டுல பேரு கூப்புடுறப்ப பொம்பளைக கேப்பாங்க, யாருக்குப் போடுறதுன்னு. எனக்கே நான் போட மாட்டேன்னுதான் சொல்லணும்."

எங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் முந்நூறு பேரும் இவரைக் கேட்டுத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

பின்னாலிருந்து சோலைமலை என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுக்க வேண்டுமாம்.